மே மாதத்துக் கடல்

மூன்றாவது வாளித் தண்ணீரையும் கொண்டுபோய்த் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தப் பக்கத்தில் யாரோ விம்முவது மஸீஹாவுக்குக் கேட்டது. மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் அழக் கூடாது என்று பள்ளிவாசல் தலைவர் மீராசாஹிப் சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். மீராசாஹிப் சொன்னால் மாத்தளை டவுனில் மழைகூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பெய்யும். ஆனாலும் விம்மல் நிற்கவில்லை. அது ரவூப் ஹாஜியாரின் குரல். தம்புள்ளையில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கிறவர். வாப்பாவின் நாற்பது வருஷக் கூட்டாளி. அழுதால்கூட மூட்டை தூக்குகிறவர் மாதிரி மூச்சு வாங்கித்தான் அழுவார்.

வாப்பா ஜுனைதீன் அன்று சஹருக்கு எழும்பி, கால் வயிற்றுக்குச் சோறு தின்று, நோன்பு பிடிக்க நிய்யத்து வைத்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தவர்தான். சுபஹு பாங்கு அவருக்குக் கேட்டதா என்று யாருக்கும் தெரியாது. கேட்டது என்று மீராசாஹிப் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நோன்பாளியாக மவுத்தாவது லேசில் கிடைக்கிற பாக்கியமா என்று காலையிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒருமுறையாவது சொன்னார்கள். சிலர் கொஞ்சம் பொறாமையோடு சொன்னார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

வந்தவர்கள் மையித்தைப் பார்த்த பிறகு முன்னறையில் இருந்த கண்ணாடி அலுமாரியையும் பார்த்தார்கள். பார்க்காமல் போக வழியில்லை. வாப்பா அதை வாசலுக்கு நேராக வைத்திருந்தார். மேல் தட்டில் மஸீஹா பட்டமளிப்பு உடையில் நிற்கிற படம், அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடு, பத்திரிகையில் வந்த ‘மலைநாட்டிலிருந்து ஒரு கடற்பாசி விஞ்ஞானி’ என்ற கட்டுரையின் கத்தரிப்பு. கீழ்த் தட்டில் வரிசையாகப் பன்னிரண்டு சிறிய போத்தல்கள். மூடியில் மெழுகு. ஒவ்வொன்றிலும் மஸீஹாவின் இருபத்துமூன்று வயதுக் கையெழுத்தில் ஒரு துண்டு: ‘திருகோணமலை, பெப்ரவரி 1987’ என்று தொடங்கி ‘ஜனவரி 1988’ வரை. பன்னிரண்டு மாதக் கடல்.

அந்தக் கதை ஊருக்கு மனப்பாடம். காலத்தோடு சேர்ந்து கடற்பாசியின் வளர்ச்சியும் அதிலுள்ள சத்தும் எப்படி மாறுகின்றன என்பதுதான் மஸீஹாவின் ஆய்வு. அதற்கு ஒரே இடத்துப் பாசி மாதம் ஒரு பை வேண்டும். யுத்தம் நடந்த அந்த நாளில் ஹபரணைக்கு அப்பால் போகிற ரோட்டில் பொம்பிளைப் பிள்ளையை அனுப்ப முடியாது. ஆம்பிளையை அனுப்புவதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிற, காய்ச்சல் வந்தால் கலிமா சொல்லத் தொடங்கிவிடுகிற ஜுனைதீன்தான், “நான் போறேன் மகள்” என்று எழுந்து நின்றார். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போவார். திங்கள் பின்னேரம் வருவார். ஒரு பை உலர்ந்த பாசி, ஒரு போத்தல் கடல் தண்ணீர், கொப்பியில் தண்ணீரின் வெப்பநிலை. இவற்றோடு மணிக்கணக்கில் சொல்லுவதற்கு அலைகள்.

சித்திரையில் அந்த ரோட்டில் பஸ்களை மறித்துச் சனங்களைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஆய்வை நிறுத்திவிடலாம் என்று மஸீஹா அழுதாள். வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அறிவுக்காகப் போகிற பயணத்தை இடையில் நிறுத்தக் கூடாது என்றார். மே மாதமும் போனார். அந்தத் தைரியத்தைப் பற்றி மீராசாஹிப் ஒரு ஜும்ஆவில் பேசினார்.

குளிப்பாட்டி முடிந்து கபன் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது ரவூப் ஹாஜியார் குசினிப் பின்வாசலுக்கு வந்தார். சாரன் முழங்கால் வரை நனைந்திருந்தது. மஸீஹாவைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மகள், எங்கிட்ட ஒரு அமானிதம் ஈக்கு. போன மாசம் ஆஸ்பத்திரியால வந்த நேரம் வாப்பா பொறுப்புக் குடுத்தது. ‘நான் முந்திட்டேன் எண்டா, அடக்க முந்தி மகள்கிட்ட சொல்லி மாப்பு வாங்கிக் குடு’ எண்டு.”

இரண்டாம் கலியாணமாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அதுவாகவே இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தாள்.

“சொல்லுங்க சாச்சா.”

“வாப்பா திருகோணமலைக்கு ஒருக்காத்தான் போனது.”

மழை பலாவிலைகளில் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது ஒரு பயணத்தைப் பற்றிய தகவல் மாதிரிதான் முதலில் பட்டது. ரவூப் ஹாஜியார் மூட்டையை இறக்கிவைக்கத் தொடங்கினார்.

பெப்ரவரியில் ஜுனைதீன் உண்மையாகவே போனார். கடற்கரையில் காய்ந்த பாசியைச் சாக்குக் கணக்கில் விற்கிற ஒருவனைக் கண்டார். மகளுக்கு மாதம் ஒரு பை, பன்னிரண்டு மாதம். முப்பது வருஷம் வியாபாரம் செய்த மனிதன் ஒரே சரக்கைப் பன்னிரண்டு தடவை போய்ச் சில்லறையில் வாங்குவானா? ஒரு சாக்கு வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மகள் கேள்வி கேட்பாள் என்று தம்புள்ளையில் ரவூப் ஹாஜியாரின் கடைப் பின்னறையில், செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கும் கருவாட்டுப் பெட்டிகளுக்கும் நடுவில் வைத்தார். தவறு என்று அப்போது நினைக்கவேயில்லை. பாசி பாசிதானே என்றாராம். இருந்தாலும் மகளிடம் சொன்னபடி மார்ச்சில் போய்ப் பார்க்கத்தான் புறப்பட்டார். ஹபரணையில் இறங்கிவிட்டார். கால் வரவில்லை என்றாராம். சித்திரைக்குப் பிறகு அந்தக் காலைக் கேட்கவே தேவையிருக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிறு காலை தம்புள்ளைக்கு வருவார். பின்னறையில் படுத்திருப்பார். திங்கள் மத்தியானம் சாக்கைத் திறந்து ஒரு பை அள்ளிக்கொண்டு புறப்படுவார்.

“சூடு பார்க்கிற குழாய்?” என்று மஸீஹா கேட்டாள். தன் குரல் வாய்மொழிப் பரீட்சை எடுக்கிற குரலாக இருந்ததை அவளே கவனித்தாள்.

“எங்கட பின்பக்கத்துத் தொட்டியில போட்டுப் பார்க்கிறது.”

“கடல் தண்ணி?”

ரவூப் ஹாஜியார் இப்போது பலாமரத்தையும் விட்டு மதிலைப் பார்த்தார். “உப்புக் கலக்கிறது மகள். போத்தல்ல ஒரு சொட்டு நாக்கில வெச்சுப் பார்ப்பான். சரியா வந்தா ‘கடல்’ எண்டுவான். மழை மாசம் வந்திச்சி எண்டா ஒரு நுள்ளு குறைப்பான். மழைக்கு உப்பு இறங்கணும் எண்டு நீங்க சொன்னதாம். ‘புள்ள கேக்கிறதக் குடுக்கணும்’ எண்டான்.”

சொன்னது உண்மை. சாப்பாட்டு மேசையில், முதல் மாதமே, எந்த மாதத்தில் என்ன வரக்கூடும் என்று அவள் எல்லாவற்றையும் வாப்பாவுக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். வாப்பா அவ்வளவு கவனமாகக் கேட்டதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

“டிசம்பர்ல புரதம் ஏறிச்சே சாச்சா. ஒரே சாக்கெண்டா எப்பிடி ஏறும்?”

கேட்ட பிறகுதான், இந்தக் கேள்வியைத் தன் கட்டுரையை வாசித்த ஒரு விஞ்ஞானியும் கேட்காமல் வெங்காயக் கடைக்காரரிடம் தான் கேட்கிறோமே என்று தோன்றியது. ஹாஜியார் யோசித்தார். புரதம் என்ன என்று அவருக்குத் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் சாக்குக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

“அந்த நேரம் சாக்கில வண்டு விழுந்திச்சி மகள். பெரிய வண்டையெல்லாம் அரிச்செடுத்துத்தான் தந்தம். பொடி வண்டு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு ஈந்திருக்கும்.”



பத்து மாதம் படிப்படியாக இறங்கி டிசம்பரில் மேலே எழும் அந்தக் கோடு. வாடைக்காற்றோடு கடலின் அடியிலிருக்கும் சத்துகள் மேலே புரண்டுவருவதால் பாசி செழிக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். இரண்டு நாடுகளில் அதைத் திரையில் காட்டி விளக்கியிருந்தாள். வாப்பா அந்தக் கோட்டைச் சட்டம் போட்டுக் கடையில், தராசுக்கு மேலே மாட்டியிருந்தார். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியின் முன்னாலும் தெரியாத மாதிரி கேட்பார்: “டிசம்பர்ல ஏன் மகள் ஏறுது?” அவள் கடல் புரள்வதை விளக்குவாள். அவர் தலையை ஆட்டிக் கேட்பார். “சுப்ஹானல்லாஹ்” என்பார். பதினைந்து வருஷமாக வண்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“உயிரோட ஈக்கக்கொள்ள ஏன் சொல்லல்ல?”

“சொல்லத்தான் ஒவ்வொரு நோன்புக்கும் வெளிக்கிடுவான். நீங்க அந்தக் கோட்டைக் காட்டி வெளக்கத் தொடங்குவீங்களாம். மொகத்தப் பார்த்தா சொல்ல ஏலாதாம்.” ஹாஜியார் தோள் துண்டால் மூக்கைத் துடைத்தார். “சந்தூக்கு எழும்ப முந்தி ஒரு சொல்லு மகள். நான் வாக்குக் குடுத்திட்டேன்.”

அவள் உள்ளே போனாள்.

முன்னறையில் போத்தல்கள் வழக்கம்போல் வரிசையாக நின்றன. பன்னிரண்டில் ஒன்று கடல். மற்றப் பதினொன்றும் தம்புள்ளை. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு விஷயம் கேட்காமலே ஞாபகத்துக்கு வந்தது. ஜூன் மாதப் பையில் ஒரு வெங்காயத் தோல் இருந்தது. மெல்லிய, ஊதா நிறத் தோல். அவள் அதைச் சிறு இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு குப்பையில் போட்டுவிட்டுக் கொப்பியில் எழுதினாள்: ‘வேற்றுப்பொருள் அகற்றப்பட்டது.’

அந்த நேரத்தில் வாசலில் பல்கலைக்கழக வேன் வந்து நின்றது.

மஸீஹாவின் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் ராஜநாயகம் ஓய்வுபெற்று நான்கு வருஷம். ஆனால் ஓய்வுபெற்றதை அவர் ஒரு வதந்தியாகவே கருதிவந்தார். கையில் மலர்வளையம். முஸ்லிம் வீட்டு மையித்துக்கு அது வழக்கமில்லை என்று வாசலில் யாரோ சொல்ல, அதை வேனிலேயே வைத்துவிட்டு, மற்றக் கையிலிருந்த பழுப்பு உறையோடு மட்டும் உள்ளே வந்தார். உம்மா றஹீமாவுக்குத் திரைக்கு வெளியே நின்று ஆறுதல் சொன்னார். பிறகு மஸீஹாவைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் அழைத்து உறையைக் கொடுத்தார்.

“இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். அதனாலதான் ஆளனுப்பாம நானே நேர்ல வந்தேன். நாளைக்குக் காலையில பிரஸ்சுக்குப் போகணும். ஒங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி.”

உள்ளே ‘தேசியக் கடற்பாசி நாட்காட்டி 2004’ என்ற அச்சுப் பிரதி. பேராசிரியரின் கனவு. யுத்தநிறுத்தம் வந்து ரோட்டுத் திறந்ததும், திருகோணமலைக் கரையில் பாசி பொறுக்குகிற பெண்களுக்கு எந்த மாதம் எடுக்கலாம், எந்த மாதம் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஒரு திட்டம் வந்திருந்தது. இத்தனை காலம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்கள் எப்படிப் பொறுக்கினார்கள் என்பது திட்ட அறிக்கையில் இல்லை. டிசம்பர்ப் பக்கத்தில் ‘புரதம் உச்சம்’ என்று போட்டு, சிரிக்கிற பிள்ளைகளின் படம். டிசம்பர்ப் பாசியில் விசுக்கோத்து செய்து இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. மே மாதப் பக்கத்தில் குறுக்கும் மறுக்குமாகப் பெரிய சிவப்புப் புள்ளடி. ‘உப்புச் செறிவு மிகை. பாசி எடுத்தல் முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும்.’

மே மாதம் ஆய்வேட்டின் மகுடம். மற்ற மாதங்களில் ஒழுங்காக ஏறி இறங்கிய உப்பு அந்த ஒரு மாதத்தில் மட்டும் மரமேறியிருந்தது. அதை விளக்க மஸீஹா இரண்டு பக்கம் எழுதினாள்: ஆவியாதல், ஆழமற்ற குடா, காற்றில்லாத நாட்கள். பேராசிரியர் அதற்கு ‘திருகோணமலை மே விலகல்’ என்று பெயர் வைத்து மூன்று மகாநாடுகளுக்குக் கொண்டுபோனார். ஒரு மகாநாட்டுக்கு மஸீஹாவையும் கொண்டுபோனார்.

“சேர்,” என்றாள். “வாப்பா கடலுக்குப் போகல்ல. எல்லாம் ஒரே சாக்கு. தம்புள்ளையில ஒரு கடையில கெடந்தது.”

சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். அவர் அதிர்ந்து போய்க் கதிரையில் உட்காருவார் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓகஸ்ட் மாதிரியில மொளகா வெத இருந்திச்சு,” என்றார். “ரெண்டு.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“நா ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா ஒங்க பட்டம் ஒரு வருசம் பிந்திப் போயிருக்கும். எனக்கு மணிலா மகாநாடு கைவிட்டுப் போயிருக்கும். யுத்த காலம். யாரு போய்ப் பார்க்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இப்ப மட்டும் என்ன, யாருக்குத் தெரியும்? ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிஞ்ச மத்த ஆளைத் தூக்கிக்கிட்டுப் போகப்போறாங்க.”

“மே மாசம் பாசி எடுக்கவே வேணாம் எண்டு போட்டிருக்கு சேர். அந்தப் பொம்பிளைகளுக்கு ஒரு மாச வருமானம்.”

“ஒரு மாசந்தானே,” என்றார் பேராசிரியர், ஒரு மாதத்தை அவரே தானம் கொடுக்கிற மாதிரி. பிறகு உறையின் மேல் பேனாவையும் வைத்துவிட்டு, மீராசாஹிப்பைத் தேடி வெளியே போனார்.

அஸருக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மையித்தைக் கிடத்திய சந்தூக்கை முற்றத்துக் கொட்டகையின் கீழ் கொண்டுவந்து வைத்தார்கள். பெண்கள் முன்னறைத் திரைக்குப் பின்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். உம்மா வெள்ளை உடுத்து நடுவில் இருந்தாள். மீராசாஹிப் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, பேராசிரியருக்கு இரண்டு நிமிஷம் தந்தார். பேராசிரியர் இருபது நிமிஷம் எடுத்தார். பசித்த சனம் மரியாதையாகக் கேட்டது.

மர்ஹூம் ஜுனைதீன் அவர்கள் ஒரு வியாபாரி மட்டுமல்ல என்று தொடங்கினார். துப்பாக்கிகளுக்கு நடுவே விஞ்ஞானத்தைத் தோளில் சுமந்தவர் என்றார். மனிதர்கள் மனிதர்களைத் தேடி அலைந்த காலத்தில் மகளுக்காகப் பாசியைத் தேடி அலைந்தவர் என்றார். முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, உயிரைப் பணயம் வைத்து, மாதா மாதம் அவர் மொண்டு வந்த கடல் இதோ இந்த அலுமாரியில் இருக்கிறது என்று கையை நீட்டினார். எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. மே விலகல் என்று உலகம் இன்று சொல்வது இந்தத் தகப்பனின் கால் நனைந்த இடம் என்று முடித்தார். மிளகாய் விதை இரண்டைப் பார்த்தவர் அவர். குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை.

ரவூப் ஹாஜியார் சந்தூக்கின் தலைமாட்டில் குனிந்து நின்றார்.

உம்மா மஸீஹாவின் கையைப் பிடித்தாள். “அந்த மே மாசம் நோன்போட போனாங்க மகள். நெனவு ஈக்கா? திரும்பி வந்த நேரம் ஒதடெல்லாம் வெடிச்சி ஈந்திச்சி. பஸ்ஸில பயணம், நோன்ப விடலாம் எண்டு சொன்னேன். கேக்கல்ல.”

தம்புள்ளை வெயிலில் உதடு வெடிக்கக் கடல் தேவையில்லை என்று மஸீஹா நினைத்தாள். இவளும் பதினாறு வருஷமாக ஏமாந்திருக்கிறாள். அல்லது இவளுக்கும் தெரிந்திருக்கிறது. எது மோசம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. உம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் கொடுத்து வைத்திருந்தாள்.

மீராசாஹிப் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். மர்ஹூம் யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால், யாரிடமாவது பொய் பேசியிருந்தால், யாருடைய உரிமையிலாவது கை வைத்திருந்தால் அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்துவிடுங்கள் என்று கேட்டார். இது எல்லா மையித்துக்கும் கேட்கிறதுதான். எல்லோரும் சொல்கிறதுதான். “மாப்பு, மாப்பு” என்று முற்றம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பேராசிரியரும் சொன்னார். உம்மா கண்ணை மூடிக்கொண்டு “மாப்பு” என்றாள்.

ரவூப் ஹாஜியார் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள் என்றாலும் அவர் சரியாக மஸீஹா இருந்த இடத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. சந்தூக்கைத் தூக்க வந்தவர்களை ஒரு கையால் நிறுத்தினார். என்ன என்று மீராசாஹிப் கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு நிமிஷம் என்றார் ஹாஜியார். ஒரு நிமிஷம் போனது. யாரோ இருமினார்கள். கொட்டகைத் தகரத்தில் மழை மறுபடியும் தொடங்கியது.

மஸீஹா வாயைத் திறந்தாள். டிசம்பர் ஏன் ஏறுகிறது என்று விளக்கிய அதே வாய். அதில் அந்த ஒரு சொல் வரவில்லை.

சந்தூக்கு எழும்பியது. கலிமாச் சத்தம் பள்ளிவாசல் ரோட்டை நோக்கி இறங்கிப்போனது. பேராசிரியரின் வேன் பின்னால் மெதுவாகப் போனது. அதன் கண்ணாடிக்குள் மலர்வளையம் தெரிந்தது.

மஃரிப் நெருங்குகிற அந்தி நேரம் வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். அடக்கிவிட்டு வந்த ஆண்கள் நோன்பு திறக்கப் பள்ளிக்கே போய்விட்டார்கள். மையித்து வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு சட்டி நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்திருந்தாள். மஸீஹா சாப்பாட்டு மேசையில் நாட்காட்டிப் பிரதியின் முன்னால் இருந்தாள். பேனா மூடி கழற்றப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடுவது லேசான காரியம். வாப்பா பதினொரு தடவை செய்ததைவிட லேசு. போட்டால் பேராசிரியருக்குச் சந்தோஷம், திட்டக்காரர்களுக்குச் சந்தோஷம், கண்ணாடி அலுமாரிக்கும் ஒன்றும் ஆகாது. போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் அவளுடைய பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்துகளும் வாப்பாவின் பெயருக்குப் பின்னால் இன்று சேர்ந்த கண்ணீரும் ஒன்றாகப் போய்விடும். மண் இன்னும் இறுகாத மனிதனைத் தோண்டி எடுக்கிற வேலை.

பாங்கு கேட்டது. உம்மா ஈத்தம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சியை ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். கோப்பையை மஸீஹாவிடம் நீட்டினாள்.

“உப்புக் கடுக்குது மகள். கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் குடி. அந்தப் புள்ளயக் குத்தம் சொல்லி வேலையில்ல. நோன்போட நாக்கில வெச்சு உப்புப் பார்க்க ஏலுமா? கைக்கணக்கில போட்டிருக்கும்.”

மஸீஹா கோப்பையைக் கையில் வாங்கியபடியே இருந்தாள்.

பிறகு எழுந்து முன்னறைக்குப் போனாள். அலுமாரியைத் திறந்தாள். நான்காவது போத்தல். ‘மே 1987.’ மெழுகு காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் வராமல் பேனாவின் நுனியால் கீறி மூடியைத் திருகினாள். சுட்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

நாக்குச் சுருங்கிப்போகிற கடுப்பு. எந்தக் கடலிலும் இராத உப்பு.

தம்புள்ளைக் கடையின் பின்னறையில், நோன்பு வாயோடு, வெடித்த உதட்டோடு, கையில் ஒரு பிடி உப்பையும் முன்னால் ஒரு போத்தல் தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். மகளுக்குப் பொய்க் கடல் கலக்க வேண்டும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் சரியாக வரும். யாரும் பார்க்கவில்லை. அவர் வைத்துப் பார்க்கவில்லை.

“என்ன மகள் அங்க?” என்று உம்மா கேட்டாள்.

“ஒண்டுமில்லம்மா.”

மூடியைத் திருகி, போத்தலை இருந்த இடத்திலேயே வைத்து, அலுமாரியைச் சாத்தினாள். மேசைக்குத் திரும்பிக் கஞ்சியை எடுத்தாள். சுடுதண்ணீர் கலக்கவில்லை. கடுக்கக் கடுக்க, நிறுத்தாமல், அடிமண்டி வரை குடித்தாள். குடித்து முடித்த கோப்பையைச் சிவப்புப் புள்ளடியின் மேல் வைத்தாள். கஞ்சி வடிந்து தாளில் ஒரு வட்டமாக ஊறத் தொடங்கியது.